இடித்த கையே கட்ட வேண்டும்

போன மாதம் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களே ஆன ஒரு தம்பி.

"சார், ஸ்டோர் ரூமைக் காலி பண்ணிகினு கீறோம். நீளமா ஒரு மூங்கில் கழி, முனைல இரும்புக் கொக்கி. இன்னாத்துக்குன்னே புரியல. கண்டம்னு எழுதித் தூக்கிப் போட்டுறலாமா?"

"அது குடிசையை இடிக்கிற கொக்கிப்பா."

"நாம அணைக்கிற ஆளுங்க சார். நாம எதுக்குக் குடிசையை இடிக்கணும்?"

இதற்குப் போனில் பதில் சொல்ல முடியுமா? எனக்குச் சட்டென்று கோபம் வரும். வீட்டிலும் அந்தப் பேர் உண்டு. ஆனால் அந்தத் தம்பி மேல் கோபித்து என்ன பயன்? அவர் வந்த காலத்தில் எங்கள் பகுதியில் பாதிக் குடிசை மாடிக் குடியிருப்பாகிவிட்டது. நல்லதுதான். குடிசை போய்விட்டதே என்று நான் மூக்கைச் சிந்த மாட்டேன். அதில் வெந்தவர்களைத் தூக்கியவன் நான். கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதி வைக்கிறேன்.

நான் வியாசர்பாடிக்காரன். பெயர் தாமோதரன், நிலையத்தில் தாமு. பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏணி ஏறினோம், ஹோஸ் சுருட்டினோம், திட்டு வாங்கினோம், மறுபடி சுருட்டினோம். அதன்பின் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் இருந்த இந்த நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள், கிழக்கே கடல். கடலுக்கும் சாலைக்கும் நடுவில் குப்பங்கள். சாலை முழுக்கத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். மணி அடித்துப் புறப்பட்டால் எங்களுக்கு முதல் எதிரி நெருப்பு அல்ல, அந்த லாரி வரிசைதான்.

இப்போது கொக்கிக்கு வருகிறேன். ஒரு வண்டித் தண்ணீர் எவ்வளவு நேரம் வரும் என்று வெளியாளுக்குத் தெரியாது. முழு வேகத்தில் அடித்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். குப்பத்தில் வீட்டுக்குழாயே கிடையாது, தெருக்குழாயில் காற்றுதான் வரும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பம்ப்பை அந்தப் பொதி மணலில் இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் ஓலைக்கு ஓலை தீ தாவுகிறபோது, அது வரப்போகிற வழியில் இன்னும் எரியாத குடிசை ஒன்றைச் சாய்த்து ஓலையை அப்புறப்படுத்துவோம். நடுவில் வெறும் மணல் கிடந்தால் தீ அங்கே நின்றுவிடும். ஒன்றை இடித்தால் ஒரு வரிசை பிழைக்கும். அந்த ஒன்று யாருடையது என்பதுதான் கொடுமை.

எங்களுக்கு முந்தைய ஆட்கள் இதில் ஒரு பாடம் படித்திருந்தார்கள். ஒரு தரம் இப்படி இடித்துவிட்டு, தீயை நிறுத்தி, ஹோஸைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்த கோடையில் அதே குப்பத்தில் தீப்பிடித்தபோது, சந்தின் வாயில் மீன் வண்டிகளைக் குறுக்கே போட்டு, வண்டியை உள்ளே விடவில்லையாம். "நெருப்புதான் கேட்டுட்டு வராது, நீ கவர்மென்ட் டிரெஸ் போட்டுகினு வந்து இடிப்பியா?" என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அந்த ஆட்கள் தங்கள் ஓய்வு நாளில் போய், இடித்த வீட்டைத் தாங்களே கட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அது எங்கள் நிலையத்தின் வழக்கம். இடித்த கைதான் கட்ட வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. புதிதாக வருகிறவனுக்கு ஹோஸ் பிடிக்கக் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவோம்.

கோதண்டம் சார் நிலைய அலுவலராக வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஆற்காட்டுப் பக்கத்து மனிதர், ஒல்லி, குரலே எழும்பாது. தீப்பிடித்த இடத்தில் அதிகாரிகள் கத்துவார்கள், அது இயல்பு. இவர் கிட்டே வந்து காதோடு சொல்வார், அதனாலேயே இன்னும் பயமாக இருக்கும். வண்டியிலிருந்து இறங்கியதும் ஒரு பிடி மண்ணை எடுத்து விரல் வழியாக விடுவார். காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு. பிறகு ஜனங்களைப் பார்த்து, "உள்ள யாரு?" என்று கேட்பார். அதற்கப்புறம்தான் தீயைப் பார்ப்பார்.

இடிக்கிற விஷயத்தில் வழக்கத்தோடு இவர் சொந்தமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்காமல் கொக்கியை மாட்ட விட மாட்டார். உள்ளே போய் முதல் சாமானைத் தானே தூக்கி வருவார். ஒருமுறை நான் பொறுக்காமல், "சார், எரிஞ்சிகினு கீது, பேரு இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன். "நாளைக்குக் கட்ட வரும்போது யாரைன்னு கூப்பிடுவ?" என்றார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். சித்திரை வெயில். காலைச் சாப்பாடு செரிக்கிற நேரத்தில் அழைப்பு மணி. கடலோரக் குப்பத்தில் தீ.

டிரைவர் அஸ்லம் பாய் லாரிகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் மட்டும் விட்டு வண்டியை நுழைத்தார். எங்களுக்கு உதவிக்கு வந்த இரண்டாவது வண்டி அப்படி நுழைய முடியாமல் பின்னால் மாட்டிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேற்குப் பக்கத்து வரிசை முழுசாகப் பிடித்திருந்தது. ஜனங்கள் பெட்டி, ஸ்டவ், தையல் மெஷின், எது கைக்கு வந்ததோ அதைச் சுமந்துகொண்டு கடல் பக்கம் ஓடினார்கள். சார் மண்ணை எடுத்து விட்டார். அது கடலைப் பார்த்துப் பறந்தது. மேற்குக் காற்று. தீ போகிற திசையில் வரிசை வரிசையாக ஓலை, அதற்கு அப்பால் படகுகளும் டீசல் கேன்களும்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல சார், அல்லாரும் வெளிய வந்துட்டாங்கோ."

எங்களிடமிருந்த தண்ணீரை வைத்துப் பக்கவாட்டில் மட்டும் தடுத்தோம். இரண்டாவது வண்டி வரவில்லை. சார் என் காதருகே வந்து, "மூணாவது வரிசை, முனை வீடு" என்றார். எனக்குப் புரிந்தது. கொக்கியை இறக்கினேன்.

அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். கருவாடு விற்கிறவர். கையை இரண்டு பக்கமும் விரித்து வாசலை அடைத்துக்கொண்டார்.

"உங்க பேரு என்னம்மா?" என்று சார் கேட்டார்.

"பிலோமினா. பேரு எதுக்கு? எம்மேலயா கேசு?"

"வீட்டை எடுக்கணும்மா. எடுக்கலைன்னா பின்னால இருக்கிற எல்லாம் போயிடும்."

"எம் பொண்ணு பச்ச ஒடம்புக்காரி, உள்ள குந்திகினு கீது. புள்ள பொறந்து ரெண்டு வாரம் ஆவல. நெருப்பு அங்க எங்கியோ கீது. எம் வூடுதான் ஒனக்குக் கெடச்சிதா?"

யாரும் இல்லை என்று சொன்னார்களே என்று எனக்கு எரிச்சல். சார் அந்த அம்மாவின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது குழந்தை அவர் தோளில் இருந்தது, பின்னால் அந்தப் பெண் ரோசி சுவரைப் பிடித்தபடி வந்தாள். பேரன் வெளியே வந்ததும் பிலோமினா அம்மாவின் கை தானாக இறங்கியது. என்னோடு வேலை பார்த்த மணவாளன் உள்ளே கிடந்த சாமானை அள்ளி வெளியே போட்டான். நான் முகட்டு மூங்கிலில் கொக்கியை மாட்டினேன்.

"இஸ்துடா" என்றேன். நாலு பேர் இழுத்தோம். வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஓலையை வாரிக் கடல் பக்கம் கொண்டுபோய்க் குவித்தோம். வெறும் மணல் ஆயிற்று.

அந்த நேரத்தில் காற்று நின்றது. அடுத்து எங்கள் முகத்தில் ஈரமாக வந்து அடித்தது. கடற்காற்று. வழக்கமாக உச்சி வெயில் ஏறிய பிறகு எழும்பும் காற்று, அன்றைக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. தீ அப்படியே திரும்பி, ஏற்கெனவே எரிந்து கரியான வரிசையைப் பார்த்துப் போயிற்று. அங்கே தின்ன என்ன இருக்கிறது? தானாகத் தணிந்தது. லாரிகளைத் தாண்டி இரண்டாவது வண்டி வந்து சேர்ந்தபோது அடிக்கத் தண்ணீர் இருந்தது, பெரிய தீ இல்லை. பிலோமினா அம்மாவின் வீடு இருந்த இடத்துக்கு ஒரு பொறிகூட வரவில்லை. இரண்டாவது வரிசையே முழுசாக நின்றது.

இதைச் சொன்னால், "அப்ப சார் போட்ட கணக்கு தப்புதானே?" என்று கேட்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்கிறார்கள். காற்று திரும்பாமல் இருந்து, நாங்களும் இடிக்காமல் இருந்திருந்தால், அந்தக் குப்பமே சாம்பல். அன்றைக்கும் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் இதையெல்லாம் வீடு போனவளிடம் போய்ச் சொல்ல முடியாது.

பிலோமினா அம்மா தன் வீடு இருந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். ரோசியையும் குழந்தையையும் பக்கத்தில் ஒரு படகின் நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். நான் ஹோஸோடு கடந்து போகும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெருப்பு வர்ல நைனா. நீங்கதான் வந்தீங்க."

ஹோஸைச் சுமந்துகொண்டு வேகமாகக் கடந்துவிட்டேன்.

நாங்கள் ஓய்வு நாளில் வந்து கட்டிக் கொடுத்துவிடுவோம், அது வழக்கம்தானே என்று நான் நினைத்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு அருள், படகுக்குப் போகிறவர், சாரிடம் வந்தார். "சார், நாளிக்கிக் காலைல தாலுக்கா ஆபீசுலேந்து கணக்கெடுக்க வருவாங்க. ரோடு பெருசாக்கறாங்கோன்னு பேச்சு கீது இல்ல? எரிஞ்ச வூட்டுக்கு டோக்கன் குடுப்பாங்க. நிக்கிற வூட்டுக்கு நம்பரு போடுவாங்க, ரோடு வந்தா அத்த வச்சிதான் மாத்து வூடு. காலி மணலுக்கு இன்னா குடுப்பாங்க? எரியவும் இல்ல, நிக்கவும் இல்ல. இந்தம்மா எடம் அம்பேல் சார்."

அருள் சொன்னது சரி. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் வீடெல்லாம் நின்றது, அதனால் பிலோமினா அம்மாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சார் அந்த வெறும் மணலை ஒரு தரம் பார்த்தார். இரண்டாவது வண்டியை அதன் நிலையத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார். ஏரியாவில் வேறு தீ என்றால் பார்த்துக்கொள்ள ஒரு வண்டி வேண்டும். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"கங்கு இருக்கு. ஸ்டாப் குடுக்க மாட்டேன்."

இதை விளக்க வேண்டும். தீ முடிந்தது, இனி உதவி வேண்டாம் என்று கன்ட்ரோலுக்குச் சொல்கிற செய்திக்கு ஸ்டாப் மெசேஜ் என்று பெயர். அது போகிறவரை நாங்கள் தீப்பிடித்த இடத்தில் வேலையில் இருக்கிறோம் என்று அர்த்தம். போய்விட்டால் உடனே நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். கங்கு இருந்தது பொய்யில்லை. குடிசைத் தீயில் சாயங்காலம் வரை கங்கு இருக்கும். ஆனால் அதை அணைக்க இரண்டு பேர் போதும்.

"ரெண்டு பேர் கங்கைப் பாருங்க. மத்தவங்க கம்பம் நடணும். வேற எங்கயாவது தீன்னு கால் வந்தா அத்தனையும் அப்படியே போட்டுட்டு வண்டியில ஏறணும். புரியுதா?"

புரிந்தது. புறம்போக்கு மணலில், யூனிஃபார்மோடு, டூட்டி நேரத்தில், அரசாங்க ஊழியர்கள் குடிசை கட்டப் போகிறோம். யாராவது ஒரு போட்டோ எடுத்தால் சாருக்கு வேலை போகும். எங்களுக்கும்தான். மணவாளன் என்னைப் பார்த்தான். "மாமு, ஒரே பொழுதுல கட்டுறதுன்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு? நம்ம வேலை பூரா ஒடைக்கறதாச்சே" என்றான்.

சார் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிலோமினா அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"தப்பாப் போச்சும்மா."

ஒரு அதிகாரி ஜனங்களிடம் இப்படிச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"தப்புன்னு சொன்னா வூடு வந்துருமா?"

"வராது. கட்டித்தான் ஆகணும். எழுந்திருங்க, நடுக்கம்பம் நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் வரணும்."

அவர் எழுந்திருக்கவில்லை. "ஒண்ணியும் வாணாம். இஸ்து போட்ட கையால எம் வூட்டைத் தொடாத" என்றார். சார் போகவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. வெயிலில் ஹெல்மெட்டோடு அப்படியே நின்றார். படகு நிழலில் குழந்தை அழ ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் அந்த அம்மா மணலில் கையை ஊன்றி எழுந்தார்.

"இங்க இல்ல. இத்தினி தள்ளி நடு. மய பெஞ்சா தண்ணி இந்தாண்ட வரும்."

நட்டோம். இரண்டு மூங்கில் நாங்கள் இழுத்ததில் பிளந்திருந்தது. அருள் தன் வீட்டுக்கு வைத்திருந்த மூங்கிலைக் கொண்டு வந்தார். இன்னொருவர் புதுக் கீற்றுக் கட்டைத் தலையில் சுமந்து வந்தார். மழைக்கு முன்னால் மாற்ற என்று வாங்கி வைத்தது. குப்பமே இறங்கியது. நாங்கள் போட்ட முடிச்சைப் பார்த்து அருள் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா முடிச்சி சார் இது? ஆளை எறக்கறதுக்கா, கூரை கட்டறதுக்கா? காத்தடிச்சா கூரை கடலுக்குள்ள போயிடும். தள்ளிக்கங்க."

"ஆளை எறக்குற முடிச்சுதான்யா எங்களுக்குக் கைல வரும்" என்றேன். அன்றைக்கு முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள்.

பாதிக் கூரை ஏறியிருக்கும்போது வயர்லெஸ் கரகரத்தது. எல்லாரும் அப்படியே நின்றோம். வேறு இடத்தில் தீ என்றால் இந்தப் பாதிக் கூரை அப்படியே நிற்கும், கணக்கெடுக்க வருகிறவருக்கு அது வீடு இல்லை. வண்டியருகே இருந்த அஸ்லம் பாய் எடுத்துக் கேட்டுவிட்டு, "சார், ஸ்டாப் கேக்குறாங்க" என்று கத்தினார். எனக்கு மூச்சு வந்தது. சார் போய் மைக்கை வாங்கினார். "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்றார். அவ்வளவுதான். அதிலும் பொய் இல்லை.

வெயில் சாய்கிற நேரத்துக்குக் கூரை முடிந்தது. பழைய கதவையே மாட்டினோம். பிலோமினா அம்மா உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். எங்களைப் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"தூளி கட்டணும். இந்தக் கயி தாங்குமா?"

மணவாளன் குறுக்கு மூங்கிலைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினான். மூங்கில் அசையவில்லை. அவர் பழைய புடவையால் தூளி கட்டி, பேரனை அதில் போட்டு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டார். சார் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தார், உள்ளே வரவில்லை. வண்டிக்குப் போய் ஸ்டாப் கொடுத்தார்.

மறுநாள் காலையில் டூட்டி மாறியதும் நான் லுங்கி சட்டையோடு நேராகக் குப்பத்துக்குப் போனேன். சார் போகச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் போகாமல் இருக்க முடியாது. கணக்கெடுக்க வந்தவர் கையில் சாக்பீஸோடு வரிசையாக வந்தார். பிலோமினா அம்மாவின் வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது எரிஞ்சதா?"

"எரியல சார்" என்றார் பிலோமினா அம்மா.

"ஓலை புதுசா இருக்கே?"

"ஓலை மாத்துனோம்."

"எப்ப?"

"நேத்து."

அவர் ஓலையைப் பார்த்தார், மேற்கு வரிசையில் கிடந்த சாம்பலைப் பார்த்தார், கதவு வழியாகத் தூளியைப் பார்த்தார். மூங்கிலில் போட்ட முடிச்சை மோந்து பார்க்கிற மாதிரி பார்த்தார். கடைசியில் அவர் கண் என் மேல் வந்து நின்றது. லுங்கி கட்டினாலும் எங்கள் முடிவெட்டைப் பார்த்தால் யூனிஃபார்ம் ஆள் என்று தெரிந்துவிடும்.

"இவர் யாரு?"

பிலோமினா அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வூடு கட்டுன மேஸ்திரி சார். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி கீது, அதான் வந்துகீறாரு."

வந்தவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, குனிந்துகொண்டார். கதவில் நம்பரை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இந்தாண்ட கீத்து ஒயுங்கா இல்ல. ஏறிக் கட்டிட்டுப் போ" என்றார். ஏறிக் கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

நிலையத்துக்கு வந்தபோது சார் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. தன் அறையில், முந்தின நாள் பூட்ஸோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் போட்டாச்சு சார்."

"என்ன கேட்டாங்க?"

கேட்டதைச் சொன்னேன். பிலோமினா அம்மா என்னை மேஸ்திரி என்று சொன்னதையும், ஓலை சரியில்லை என்று ஏற்றிவிட்டதையும் சொன்னேன். அவர் சிரித்தார். அப்படிச் சத்தமாக அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் மேஜை மேலிருந்த தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் கண்ணில் நீர் முட்டியது.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கையெழுத்து வாங்க மணவாளன் வந்துகொண்டிருந்தான்.

"அப்பால வாடா. சார் தூங்கினு கீறாரு" என்றேன்.